ஒரு பிடி குதிரைத் தவிடு

1

மறுபடியும் டில்லியில் குளிர் வந்துவிட்டது. நம் பக்கத்தில் மார்கழிப் பனியைத்தான் குளிர் என்கிறோம். சோளத்தட்டைக் கூட்டித் தீ மூட்டிக் கொஞ்ச நேரம் குந்தினால் அது ஓடிப்போகும். இந்த ஊர்க் குளிர் அப்படி ஓடுகிற ஜாதியல்ல. உச்சிப்பொழுதிலும் வாயைத் திறந்தால் புகை வருகிறது. ஆபீசில் மைக்கூட்டைக் கையில் வைத்துச் சூடாக்கிக்கொண்டுதான் எழுத ஆரம்பிக்கிறோம்.

ஊரிலிருந்து சிநேகிதர்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான். டில்லியில் என்னென்ன பார்த்தாய்? கோட்டை பார்த்தாயா, குதுப்மினார் ஏறினாயா? பார்த்தேன், ஏறினேன். போன தை மாதம் ஒரு சனி ஞாயிறில் குடும்பத்தோடு எல்லாம் பார்த்தோம். எழுதலாமென்று பலதடவை உட்கார்ந்துவிட்டு எழுந்துபோயிருக்கிறேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

காரணம், காலையில் நடந்த சின்ன விஷயம். மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிற வழியில் டோங்கா வண்டிகள் நிற்குமிடம் இருக்கிறது. ஒரு குதிரை கழுத்தில் மாட்டிய சாக்குப்பைக்குள் மூஞ்சியை விட்டுத் தவிடு தின்றுகொண்டிருந்தது. மகள் நின்று வேடிக்கை பார்த்தாள். என்ன தின்கிறது என்று இந்துஸ்தானியில் எனக்குச் சொன்னாள்.

"தமிழ்ல அதுக்கு என்ன பேரு கண்ணு?" என்று கேட்டேன்.

யோசித்துப் பார்த்துவிட்டு, "தெரியலையேப்பா" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் சரஸ்வதி. ஊரில் எல்லாரும் கூப்பிட்ட பெயர் தவுட்டாயி.

2

எங்கள் ஊர் ஜேடர்பாளையத்துக்குப் பக்கம், காவிரி வாய்க்கால் பாய்கிற பூமி. என் தகப்பனார் சீக்கிரம் போய்விட்டார். அண்ணன் பழனியப்பன் ஏரைப் பிடித்தார், நான் சிலேட்டைப் பிடித்தேன். எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான்தான். பரீட்சை தேறினேன். யுத்தம் வந்து டில்லியில் புதுப்புது ஆபீசுகள் திறந்தபோது எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. இதெல்லாம் அண்ணன் முதுகில் ஏறி நான் பறித்த காய்.

எனக்கும் செல்லம்மாளுக்கும் முதலில் பிறந்த இரண்டு குழந்தைகளும் வருஷம் திரும்புமுன்பே போய்விட்டன. மூன்றாவது பெண் பிறந்ததும், தவிட்டுக்கு விற்றுவிடலாம் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். தங்காத பிள்ளையைப் பெற்றவள் தன்னுடையதல்ல என்று காட்டிவிட்டால், கொண்டுபோக வருகிற சாவு ஏமாந்து திரும்பிவிடும் என்பது நம்பிக்கை. எனக்கு நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவன் எதையும் வேண்டாமென்று சொல்லமாட்டான்.

குழந்தையை முறத்தில் போட்டுக் குப்பைமேட்டு ஓரத்தில் வைத்தோம். அண்ணன் சம்சாரம் பாவாயி அந்த வழியாகத் தற்செயலாய் வருகிறவள்போல் வந்தாள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். நங்கைக்குக் குழந்தை இல்லை.

"இந்தப் பிள்ள வெலைக்கா?" என்று நங்கை கேட்டாள்.

"தவுட்டுக்கு" என்றாள் செல்லம்மாள்.

மடியிலிருந்த கம்பந்தவிட்டைச் செல்லம்மாள் மடியில் கொட்டிவிட்டு, நங்கை முறத்தோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். எல்லாரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கு அது என் மனசில் படவில்லை.

பெயருக்குச் செய்கிற காரியம்தான். பிள்ளை கொஞ்சம் தலையெடுத்ததும், பெற்றவள் அதேபோல் தவிட்டைத் திருப்பிக் கொட்டி, "உங்க தவுடு உங்களுக்கு, என்ற பிள்ள எனக்கு" என்று சொல்லி மீட்டுக்கொள்வாள். அதுவரைக்கும் பிள்ளை வாங்கினவளுடையது.

எங்கள் விஷயத்தில் அது பெயரோடு நிற்கவில்லை. குழந்தைக்கு ஒரு வயது நடக்கும்போது டில்லியில் எனக்கு விஷக்காய்ச்சல் வந்து பிழைப்பேனா என்றாகிவிட்டது. கைக்குழந்தையோடு வரவேண்டாமென்று டாக்டர் எழுதச் சொன்னார். செல்லம்மாள் குழந்தையை நங்கையிடம் விட்டுவிட்டு ஓடிவந்தாள். நான் எழுந்து நடமாடினேன்; என்னைத் தனியே விட்டுப்போகப் பயந்து செல்லம்மாள் தங்கிவிட்டாள். ஆனால் குடும்பத்துக்கு வீடு கிடைக்கவில்லை. ஒரே அறையில் இன்னொரு குடும்பத்தோடு ஒதுங்கிச் சமையல் செய்த காலம். இன்றைக்குக் கிடைக்கும், நாளைக்குக் கிடைக்கும் என்று மனுவுக்கு மேல் மனு போட்டு, மூன்று வருஷம் போயிற்று. கரோல்பாக்கில் இரண்டு அறை கிடைத்ததும் ஊருக்குப் போய்க் குழந்தையைக் கூட்டிவந்தோம்.

நங்கையை "அம்மா" என்றும் பெற்றவளைச் "சின்னம்மா" என்றும் அவள் கூப்பிட்டாள். கிளம்புகிற அன்றைக்குத் தவிட்டுப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் நங்கை தாங்கமாட்டாள் என்று செல்லம்மாள் பயந்தாள். ஆக, முறைப்படி பார்த்தால் குழந்தை இன்னும் நங்கையுடையதுதான்.

டில்லிக்கு வந்த புதிதில் ராத்திரியெல்லாம் "அம்மாகிட்டப் போலாம்" என்று அழுதாள். ஒரு வருஷத்தில் பள்ளிக்கூடம், சினேகிதிகள், இந்துஸ்தானிப் பாட்டு. அழுகை நின்றது. செல்லம்மாள் மெதுவாகப் பழக்கி, தன்னை அம்மா என்றும் நங்கையைப் பெரியம்மா என்றும் சொல்ல வைத்தாள். நானும் தடுக்கவில்லை. இதில் யாரைக் குற்றம் சொல்ல?

3

போன தையில் பொங்கல் முடிந்த கையோடு அண்ணனும் நங்கையும் வருவதாகக் கார்டு வந்தது. சூரமங்கலத்தில் ரயிலேறி, மதராசில் வண்டி மாறி, இரண்டு பேரும் டில்லி ஸ்டேஷனில் இறங்கியபோது எனக்கே பார்க்கப் பகீரென்றது. அண்ணன் தலையில் கருங்கம்பளி, இடுப்பில் வேஷ்டி, காலில் ஒன்றுமில்லை. நங்கை நம் பக்கத்துப் பெரிய பொம்பளைகளைப்போல் ரவிக்கை போடாதவள். சேலையை இறுக்கிப் போர்த்தி, ஒரு கையில் கச்சாயப் பலகார டின்னும் மறு கையில் கல்லக்காய் மூட்டையுமாக நடுங்கிக்கொண்டு நின்றாள்.

மகளைப் பார்த்ததும் மூட்டையைக் கீழே போட்டாள். "என்ற சாமி! வாடி இங்க!"

மகள் செல்லம்மாள் பின்னால் ஒண்டிக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடி கைகூப்பி, "வாங்க பெரீம்மா" என்றாள்.

நங்கை நீட்டிய கையால் தன் முந்தியைச் சரிசெய்துகொண்டாள். "எத்தன வளந்துட்டா பாருங்க" என்று அண்ணனிடம் சொன்னாள்.

அடுப்பங்கரையில் செல்லம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள். நங்கையை அவள் அக்கா என்பாள். "அக்கா பிள்ளையக் கூட்டீட்டுப் போகத்தானுங்க வந்திருக்காங்க. பொட்டியில அவளுக்குப் புதுப்பாவாட நாலு இருக்குது. நாலும் ஊர்ல கட்டறதுக்கான பாவாட. இங்க பள்ளிக்கொடத்துக்கு ஆகுமா? கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்க?"

அண்ணன் இதுவரை என்னிடம் எதையும் கேட்டதில்லை. கேட்டால் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. பிள்ளையைக் கொடுக்கவும் மனசு இல்லை.

சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் ஆபீஸ் இல்லை. எல்லாரையும் செங்கோட்டைப் பக்கம் கூட்டிப்போனேன். கோட்டை மதில் முன்னால் நின்று, எந்த ராஜா எதைக் கட்டினார் என்று நான் படித்ததையெல்லாம் சொன்னேன். அண்ணன் தலையாட்டிக்கொண்டே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று என் தோளில் தட்டினார்.

"தம்பி, அங்க பாரப்பா! மாட்டுக்குச் சட்டை போட்டிருக்கறான்!"

பால்காரன் ஒருவன் தன் எருமையின் முதுகில் சாக்குத் தைத்துப் போர்த்தி, வயிற்றடியில் முடிச்சுப் போட்டிருந்தான். இங்கே குளிர்காலத்தில் எல்லாரும் செய்கிறதுதான். அண்ணன் எருமையைச் சுற்றி நடந்து முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். கோட்டையை அத்தனை கவனமாக அவர் பார்க்கவில்லை.

"ஏனுங்க ஆபீசர் தம்பி, இந்த ஊர்ல எருமை கூடச் சட்ட போட்டுக்குது. எங்கூட்டுக்காரிதான் போடமாட்டேங்கறா."

"எருமைக்கு வெக்கமில்லீங்க, போட்டுக்குது" என்றாள் நங்கை. அப்படிச் சொன்னாலும் பல் கிட்டியது. செல்லம்மாள் என் பழைய கோட்டு ஒன்றை அவளுக்குக் கொடுத்திருந்தாள். கையில் மடித்தே வைத்திருந்தவள், காற்று ஒரு தடவை வீசியதும் மாட்டிக்கொண்டாள். "தொரை மாதிரி இருக்கறனா?" என்றாள்.

மகள் கைகொட்டிச் சிரித்தாள். நங்கை அந்தச் சிரிப்புக்காகக் கோட்டை அன்றைக்கு முழுவதும் கழற்றவே இல்லை.

வீடு திரும்பும் வழியில் அவள் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவள் கேட்டது எனக்கும் காதில் விழுந்தது.

"ஊருக்கு வாரயா சாமி? செவலை கன்னு போட்டிருக்குது."

"ஸ்கூல் இருக்கே பெரீம்மா." குழந்தை கொஞ்சம் யோசித்தாள். "நீங்க இங்கயே இருங்க. அப்பாகிட்டச் சொல்லி உங்களுக்கும் ஸ்வெட்டர் வாங்கலாம்."

4

ஞாயிற்றுக்கிழமை நாள் முழுவதற்கும் ஒரு டோங்கா பேசிக் குதுப்மினாருக்குப் புறப்பட்டோம். வண்டிக்காரர் தாடி நரைத்த முஸ்லிம் பெரியவர். எனக்குத் தெரிந்த இந்துஸ்தானியில் நான் ஒன்று சொல்ல, அவர் திரும்பிக் குழந்தையைப் பார்ப்பார். அவள் அதையே சரியாகச் சொல்வாள். மூடுபனியில் ரோட்டின் இருபுறமும் இடிந்த கும்மட்டங்கள் வந்துகொண்டே இருந்தன. "இத்தன கல்லு கெடக்குது, ஒரு கெணறு கட்ட நாதியில்ல" என்றார் அண்ணன்.

வண்டியில் அண்ணன் கம்பளியை நங்கை குழந்தைமேல் போர்த்தினாள். ஊரில் தோட்டத்துச் சாளையில் படுக்கும்போது அந்தக் கம்பளி இல்லாமல் குழந்தை தூங்கமாட்டாள். இப்போது, "குத்துது பெரீம்மா" என்று நெளிந்து வெளியே வந்துவிட்டாள். நங்கை அதை மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மினார் அடியில் அண்ணன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "நான் கீழயே இருக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்லிக் குதிரைப் பக்கம் போய்விட்டார். உள்ளே திருகுப்படி; இரண்டு ஆள் ஒட்டுக்காக ஏற முடியாது. திருச்செங்கோட்டு மலைப்படி ஏறிப் பழகின நங்கை முன்னால் போனாள். அடுத்துக் குழந்தை, பிறகு செல்லம்மாள், கடைசியில் நான். சன்னல் துவாரத்தைத் தாண்டினால் கும்மிருட்டு. கல்லெல்லாம் ஐஸ்போல் இருந்தது.

பாதி தூரம் ஏறியிருப்போம். மேலேயிருந்து ஒரு கூட்டம் கத்திக்கொண்டு தடதடவென்று இறங்கியது. அந்த இருட்டில் சத்தம் இடிபோல் உருண்டு வந்தது. குழந்தை பயந்து, "அம்மா!" என்று அலறினாள்.

நங்கை ஒரு படி மேலே நின்றவள் சடாரென்று திரும்பி இரண்டு கையையும் நீட்டினாள். கிட்டத்தில் இருந்தவள் அவள்தான். குழந்தை அந்தக் கைகளுக்குக் கீழாகத் திரும்பி, மூன்று படி இறங்கிச் செல்லம்மாள் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கூட்டம் எங்களை உரசிக்கொண்டு இறங்கிப்போயிற்று. துவாரத்து வெளிச்சத்தில் நங்கையைப் பார்த்தேன். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பிறகு கோட்டுப் பைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டாள்.

"எறங்கலாங்க தம்பி" என்றாள். "மேல போயி என்ன பாக்கப்போறோம்."

5

பக்கத்தில் இருந்த பழைய தூண் மண்டபத்தில் வெயில் பட்ட இடமாகப் பார்த்து உட்கார்ந்து, தூக்குப்போசியில் கொண்டுவந்த புளிச்சோறு தின்றோம். நங்கை தின்னவில்லை. தூண்களைத் தடவிப் பார்த்துக்கொண்டு போனாள். ஒரு தூணில் சங்கிலியில் மணி தொங்குவதுபோல் செதுக்கியிருந்தது. அதன்முன் நின்று கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கும்பிட்டாள்.

"அது கோயிலில்லை நங்கை. கோயில் கல்லை எடுத்து..." என்று நான் சரித்திரத்தை ஆரம்பித்தேன்.

"உடு தம்பி" என்றார் அண்ணன். "கும்படறவ கும்படட்டும்."

நங்கை திரும்பி வந்து செல்லம்மாள் முன்னால் நின்றாள். "செல்லம்மா, கோயிலாத்தான் இருக்குது. இங்கயே முடிச்சுக்கலாம். தவுடு இருக்குதா?"

செல்லம்மாளுக்குப் புரிந்துவிட்டது. எச்சில் கையோடு எழுந்து நின்றாள். "அக்கா, இப்ப என்னத்துக்குங்க..."

"இருக்குதா இல்லயா?"

"வேண்டாம் பாவாயி" என்றார் அண்ணன். "இதுக்கா இத்தன தூரம் வந்தோம்?"

"இதுக்கு வரலீங்க. எதுக்கு வந்தேன்னு உங்களுக்குத் தெரியும். அது ஆகாதுன்னு படியிலயே தெரிஞ்சுபோச்சு. மீட்காத பிள்ளய ரெண்டு ஊட்டுக்கு நடுவுல உட்டு வெச்சா அதுக்கு நல்லதில்லீங்க."

தவிட்டுக்கு எங்கே போவது? கொஞ்ச தூரத்தில் குழந்தை டோங்காக் குதிரையின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். கழுத்தில் தீனிப்பை தொங்கியது. நங்கைதான் முதலில் பார்த்தாள்.

"கண்ணு, அந்தத் தாத்தாகிட்டத் தவுடு ஒரு கையி கேட்டு வாங்கியா."

"தவுடுன்னா?"

"குதிர திங்குதில்ல, அது."

குழந்தை வண்டிக்காரரிடம் போய் இந்துஸ்தானியில் மரியாதையாகக் கேட்டாள். "உங்கள் பெரியம்மாவுக்கு அவ்வளவு பசியா?" என்று அவர் சிரித்தார். வண்டியடிச் சாக்கிலிருந்து ஈரப்படாத கோதுமைத் தவிட்டை இரண்டு கையாலும் அள்ளிக் கொடுத்தார். தூக்குப்போசி மூடியில் ஏந்திக்கொண்டு, சிந்தாமல், நாக்கைக் கடித்துக்கொண்டு மெதுவாக நடந்துவந்தாள். தன்னை மீட்கிற தவிட்டைத் தானே கேட்டு வாங்கி வருகிறாள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நங்கையிடம் நீட்டினாள்.

"என்கிட்ட இல்ல சாமி. உங்கம்மாகிட்டக் குடு."

செல்லம்மாள் வாங்கிக்கொண்டாள். குழந்தை குதிரைப் பக்கம் ஓடிவிட்டாள். நங்கை முந்தியை விரித்துப் பிடித்தாள். செல்லம்மாள் தவிட்டைக் கொட்டினாள். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

"சொல்லு."

"என்னால முடியாதுங்கக்கா."

"சொல்லாத போனா மீட்டதாகாது. வாயத் தொறந்து சொல்லு செல்லம்மா, குளுருது எனக்கு."

"உங்க தவுடு... உங்களுக்குங்க" என்றாள் செல்லம்மாள். மீதி அழுகையில் போய்விட்டது.

"என்ற பிள்ள எனக்கு" என்று நங்கையே எடுத்துக்கொடுத்தாள்.

"என்ற பிள்ள எனக்கு."

"அவ்வளவுதான்" என்று நங்கை முந்தியை முடிந்தாள். இத்தனை நாளாக நானும் செல்லம்மாளும் பயந்த காரியம் நடக்கவில்லை. பிள்ளை எங்களுக்கே ஆகிவிட்டது. ஆனால் நாங்கள் யாரும் தலையை நிமிர்த்தவில்லை.

திரும்பி வருகையில் இருட்டிக்கொண்டு வந்தது. காற்று ஊசியாய்க் குத்தியது. குழந்தை இரண்டு பொம்பளைகளுக்கும் நடுவில் உட்கார்ந்தபடியே தூங்கி, ஒருபக்கமாய்ச் சாய்ந்து நங்கை மடியில் விழுந்தாள். நங்கை கம்பளியை எடுத்து மூடினாள். இப்போது அது குத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் தூக்கத்திலேயே, "அம்மா, குளுருது" என்று முனகினாள்.

இரண்டு பேர் கையும் ஒரே சமயத்தில் எழுந்தன. நங்கை தன் கையை இறக்கிக்கொண்டு, "பாரு, உன்னத்தான் கூப்படறா" என்று செல்லம்மாளிடம் சொன்னாள்.

6

ஸ்டேஷனில் வண்டி புறப்படுமுன் நங்கை சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கோட்டை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டாள். கம்பளியைக் குழந்தைக்கென்று விட்டுவிட்டாள். பெட்டியில் கொண்டுவந்த பாவாடைகளும் எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன. முந்தி முடிச்சை மட்டும் இடதுகையால் பொத்திப் பிடித்திருந்தாள்.

"பெரீம்மா, அத என்ன பண்ணுவீங்க?" என்று குழந்தை கேட்டாள்.

"மாட்டுக்குப் போடுவேன்."

"செவலைக்குப் போடுங்க. நான் குடுத்தேன்னு சொல்லுங்க."

"சொல்றனுங்க கண்ணு. நல்லாப் படிங்க."

நம் பக்கம் குழந்தைகளையும் 'ங்க' போட்டுத்தான் பேசுகிறோம். ஆனால் அது அடுத்த வீட்டுக் குழந்தைகளுக்கு. அதற்கு முந்தின நாள் வரைக்கும் நங்கை அவளை வாடி போடி என்றுதான் கூப்பிட்டாள்.

கோடையில் எனக்குக் கொஞ்ச நாள் லீவு கிடைத்தது. இந்த யுத்தகால ரயில் நெரிசலில் குழந்தையைக் கூட்டிப்போக முடியவில்லை. நான் மட்டும் ஊருக்குப் போய் இறங்கினேன். நங்கை நன்றாகத்தான் இருந்தாள். சோறு போட்டாள், டில்லி எருமைகளைப் பற்றி விசாரித்தாள், குழந்தை என்ன படிக்கிறாள் என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். மறுநாள் காலை அண்ணனோடு கட்டுத்தரைக்குப் போனேன். செவலை அசைபோட்டுக்கொண்டு நின்றது. அதன் தலைக்குமேல் விட்டத்தில் சின்னத் துணிமுடிச்சு ஒன்று தொங்கியது. நான் அதைப் பார்ப்பதை அண்ணன் பார்த்தார்.

"அத இன்னும் மாட்டுக்குப் போடலப்பா" என்றார். "ஏண்டி போடலீன்னு கேட்டா, அது குதிரத் தவுடுங்க, நம்ம மாட்டுக்குச் சேராதுங்கறா."